கோவானைக் கையில் எடுப்பது எப்படி?

கோவான் என்பது ஜென் பௌத்தத்தில் தியானத்துக்கு எடுத்துக்கொள்ளும் புதிர் போன்ற சிறு கதை அல்லது கேள்வி. முதலில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சீனாவில் 1228-இல் வூமென் ஹுய்காய் தொகுத்த 48 ஜென் கோவான்களில் ஏழாவது நல்ல தொடக்கம். புதிதாக மடத்துக்கு வந்த துறவி ஒருவர் ஜாவோஜோ என்ற ஜென் குருவிடம் உபதேசம் கேட்கிறார். “கஞ்சி குடித்தாயா?” “குடித்தேன்.” “அப்படியானால் போய்க் கிண்ணத்தைக் கழுவு.” துறவிக்கு ஏதோ விளங்கிவிடுகிறது. அவ்வளவுதான்.

இதற்கு விளக்கம் தேடி இணையத்தில் மேயாதீர்கள், அதெல்லாம் அடுத்தவர் மென்று துப்பியது. காலையில் பத்து நிமிடம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கதையை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டுங்கள், அப்புறம் ‘கிண்ணத்தைக் கழுவு’ என்ற வரியை மட்டும் மூச்சோடு வைத்துக்கொள்ளுங்கள். ‘ஓ, நிகழ்காலத்தில் வாழச் சொல்கிறார்’ என்று மனம் உடனே ஒரு பதிலை நீட்டும். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டு மறுபடி வரிக்கே வாருங்கள்.

பிறகு சமையலறை. அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்க்கும்போது, இதை ஊறப்போடாமல் வைத்தது யார் என்று ஒரு எரிச்சல் கிளம்புமே, அந்த நேரத்தில்தான் கோவானுக்கு வேலை. எரிச்சலை அடக்காதீர்கள், வரியை நினையுங்கள், தேய்க்கிற கையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ரின்சாய் என்ற ஜென் பிரிவின் மடங்களில் மாணவர் தன் பதிலோடு குருவைத் தனியே பார்ப்பார், பல தடவை திருப்பி அனுப்பப்படுவார். வீட்டில் அதற்கு வழியில்லை. அதனால் ‘புரிந்துவிட்டது’ என்று தோன்றினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், தூக்கம் கெட்டால் சில நாள் விட்டுவிடுங்கள். அடுத்த கோவானுக்கு அவசரமே இல்லை.