வீட்டில் ஃபார்மல் கார்டன்: செடி வாங்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

ஃபார்மல் கார்டன், அதாவது நேரான பாதையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாத்தியும் வேலிச்செடியும் உள்ள தோட்டம், போட ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதலில் போவது நர்சரிக்கு. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது, ஏனென்றால் இந்த வகைத் தோட்டத்துக்கு உயிரே நேர்க்கோடும் அளவும்தான். கோடு பிசகினால் எவ்வளவு நல்ல செடி வைத்தாலும் எடுபடாது.

மனையின் நடுவை அளந்து அங்கே பாதை போட்டுவிடுகிறார்கள். ஆனால் தினமும் தோட்டத்தைப் பார்ப்பது வாசலிலிருந்தோ ஹால் ஜன்னலிலிருந்தோதானே? மையக் கோடு அந்த வாசலின் நடுவிலிருந்துதான் கிளம்ப வேண்டும். மனை கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, மிஞ்சுகிற இடத்தை ஓரத்தில் அடர்த்தியான புதர் வைத்து மறைத்துக்கொள்ளலாம்.

கண்ணளவை நம்பவே நம்பாதீர்கள். முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால்தான் மூலை செங்கோணம். பாத்தியின் இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்றும் அளந்துவிடுங்கள். பாதை குறைந்தது 4 அடி அகலம் இருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது, வேலிச்செடி வளர்ந்ததும் இன்னும் குறுகிவிடும்.

பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்று கேட்பது இன்னொரு தவறு. அதை வடிவமைத்த ஆந்த்ரே லெ நோத்ரிடம் கற்க வேண்டியது பூவேலைப்பாட்டை அல்ல, பார்வைக் கணக்கை. அதற்கு முன் வோ லெ விகோம்த் மாளிகைத் தோட்டத்தில், தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரியும் என்பதால், மாளிகையிலிருந்து தள்ளிப் போகப் போகக் குளங்களைப் பெரிதாக வைத்தார். நம் சின்ன இடத்துக்கு அதைத் திருப்பிப் போட வேண்டும்: பாதையின் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் குறுக்கினால் தோட்டம் நீளமாகத் தெரியும்.

அப்புறம் வேலிச்செடி. சீக்கிரம் வளர்கிறது என்று ஒன்றை வாங்கி நட்டால், அதே வேகத்தில் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். வடிவம் கலைந்தால் ஃபார்மல் கார்டன் வெறும் புதர்தான். கத்தரிக்கும்போது அடி அகலமாகவும் மேலே சற்று ஒடுங்கியும் இருக்க வேண்டும். மேல்பகுதி அகலமானால் நிழல் விழுந்து அடியில் இலை உதிர்ந்து வெறும் குச்சி தெரியும், பல செடிகளில் அது மறுபடி துளிர்ப்பதும் கஷ்டம். வேலிக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நிற்க இடம் விடாமல் நட்டுவிட்டு, பின்பக்கத்தை எப்படி வெட்டுவது என்று முழிப்பவர்கள் நிறையப் பேர். முழுக்க பாக்ஸ்வுட் என்கிற சிற்றிலை வேலிச்செடி மட்டுமே வைப்பதும் ஆபத்து, பிளைட் என்கிற பூஞ்சை நோய் புகுந்தால் மொத்த வேலியும் போகும்.

வெயிலை மறந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் நல்ல வெயில், எதிர்ப்பக்கம் சுவர் நிழல் என்றால் ஒரே செடியை இரண்டு பக்கமும் நட்டாலும் சமமாக வளராது. நிழல், வெயில் இரண்டையும் தாங்குகிற செடியாகத் தேர்ந்தெடுங்கள், அப்படிக் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் சமச்சீரைத் தொட்டிகளாலும் கல்லாலும் கொண்டுவாருங்கள்.

தண்ணீர்க் குழாயைப் பாதைக்குக் கல் பதிக்கும் முன்பே அடியில் கொண்டுபோய்விடுங்கள். செடி வாங்கும்போது அதே தொகுதியில் சிலவற்றைக் கூடுதலாக வாங்கித் தனியே வளர்த்து வையுங்கள். வரிசையில் ஒன்று பட்டுப்போனால் அதே உயரத்தில் மாற்றுச் செடி வெளியே கிடைப்பது லேசில்லை.