டரான்டுலா குஞ்சு வளர்ப்பு: முதல் டப்பாவிலிருந்து முதல் இடமாற்றம் வரை

டரான்டுலா என்ற பெரிய முடிச் சிலந்தியைக் குஞ்சாக வாங்குபவர்கள் பெரும்பாலும் விலையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். வளர்ந்த பெண் சிலந்தியின் விலையோடு பார்த்தால் குஞ்சு மிகவும் மலிவு. ஆனால் பார்சலைப் பிரித்து, மிளகு அளவு உடம்போடு நிற்கும் அந்த ஜீவனைப் பார்த்ததும் பதற்றம் தொற்றிக்கொள்கிறது. தினமும் தண்ணீர் தெளிப்பார்கள், மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார்கள், சாப்பிடவில்லை என்று குழியைத் தோண்டுவார்கள். குஞ்சுக்குப் பெரிய ஆபத்து இந்த அக்கறைதான். டப்பாவை ஒழுங்காக அமைத்துவிட்டால், அப்புறம் வாரத்துக்குச் சில நிமிட வேலைகூட இருக்காது.

எந்த இனம்?

முதல் முறை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது கர்லி ஹேர். அறிவியல் பெயர் டிலில்டோகாட்டல் அல்போபிலோசஸ். ஹோண்டுராஸ், நிகரகுவா, கோஸ்டா ரிகா பக்கத்துச் சிலந்தி. தரையில் குழி பறித்து வாழும். சாதுவானது, நன்றாகச் சாப்பிடும், ஈரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். பெண்ணாக அமைந்தால் 20 ஆண்டுகள்கூட இருக்கும். ஆண் சில ஆண்டுகளிலேயே ஆயுளை முடித்துக்கொள்ளும். படங்களில் அதிகம் பார்க்கும் மெக்ஸிகன் ரெட் நீயும் நல்ல இனம்தான், ஆனால் வளர்வதற்குள் உங்கள் பொறுமை போய்விடும்.

பொசிலோதீரியா வகை மரச்சிலந்திகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அவற்றில் சிலவற்றின் நீல நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்குபவர்கள் உண்டு. மின்னல் வேகம், கடித்தால் நாள்கணக்கில் தசைப்பிடிப்பு. தவிர, இந்தப் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையில் வாழ்கிறது. ராமேஸ்வரம் பகுதியில் வாழும் பொசிலோதீரியா ஹனுமாவிலாசுமிகா மிக அருகிவிட்ட இனம். தோப்பில் ஒன்று கண்ணில் பட்டால் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். காட்டில் பிடித்ததை ஒருபோதும் வளர்க்கக் கூடாது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிலில்டோகாட்டல், பிராக்கிபெல்மா (மெக்ஸிகன் ரெட் நீயின் பேரினம்), பொசிலோதீரியா மூன்றுமே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. இந்தியாவில் இப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதனால் வளர்ப்பில் பிறந்த குஞ்சு என்பதற்கான தாள் இல்லாமல் வாங்க வேண்டாம். சிங்கப்பூரில் டரான்டுலா வளர்க்கவே அனுமதி இல்லை. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உள்ளூர் விதியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 1: டப்பா

கடையில் ஸ்லிங் என்று விற்கும் குஞ்சு, கால் நுனியிலிருந்து எதிர்க்கால் நுனி வரை அளந்தால் (இதைத்தான் இனி கால் அகலம் என்கிறேன்) அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை இருக்கும். இதற்குக் கண்ணாடித் தொட்டி தேவையில்லை. ஹோட்டலில் சட்னி கட்டிக் கொடுக்கும் மூடி போட்ட தெளிவான பிளாஸ்டிக் டப்பா போதும். 100 மில்லி அளவு சரியாக இருக்கும். பெரிய இடத்தில் விட்டால் இரை ஒரு மூலையிலும் குஞ்சு ஒரு மூலையிலும் கிடக்கும். அது சாப்பிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியாது.

பக்கவாட்டில் எதிரெதிராகவும் மூடியிலும் ஊசியைச் சூடாக்கித் துளை போடுங்கள். உள்ளிருந்து வெளியே குத்தினால் கூரான பிசிறு வெளிப்பக்கம் போய்விடும். துளை குஞ்சின் முன்னுடம்பைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். முன்னுடம்பு நுழைந்துவிட்டால் மெத்தென்ற வயிறும் பின்னாலேயே போய்விடும். கம்பி வலை மூடி வேண்டவே வேண்டாம், கால் நகம் அதில் மாட்டிக்கொள்ளும்.

படி 2: மண்

தேங்காய் நார்த்தூள், அதாவது நர்சரியில் கட்டியாக விற்கும் கோகோபீட். உரம் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். சில கட்டிகளில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிட்டு, கையால் இறுகப் பிழிந்து உதிர்த்துக்கொள்ளுங்கள். பிடித்தால் சேர வேண்டும், அழுத்தினால் சொட்டக் கூடாது.

டப்பாவில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு இதை நிரப்பி, விரலால் நன்றாக அழுத்துங்கள். தளர்வாக விட்டால் குழி சரியும். மேலே மிச்சமிருக்கும் இடைவெளி, கால் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம். குட்டியாக இருக்கும்வரை விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் உடம்பு கனக்கக் கனக்க, கொஞ்ச உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்துவிடலாம். இந்தக் கணக்கை முதல் டப்பாவிலேயே பழகிக்கொள்வது நல்லது.

ஒரு பென்சிலைச் சுவரை ஒட்டிச் சாய்வாகச் செருகி எடுங்கள். குஞ்சுகள் பெரும்பாலும் அந்தத் துளையையே பெரிதுபடுத்தி வீடாக்கிக்கொள்ளும். சுவரை ஒட்டி இருப்பதால், மண்ணைக் கலைக்காமல் வெளியிலிருந்தே பார்க்கலாம். வாசலில் சிறிய மரப்பட்டை ஒன்றைச் சாய்த்து வையுங்கள், முடிந்தது.

படி 3: குஞ்சை உள்ளே விடுதல்

குஞ்சு ஈரமான டிஷ்யூ தாளில் சுருட்டி, சிறு குழாயில் வரும். ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியைத் தரையில் வைத்து, அதற்குள் வைத்துப் பிரியுங்கள். ஓடினாலும் பெட்டிக்குள்தான் ஓடும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் பின்கால்களை லேசாகத் தொட்டால் முன்னே நகரும். தாளை விட்டு வர மறுத்தால் தாளோடு டப்பாவில் வைத்து மூடிவிடுங்கள். மறுநாள் அதுவே இறங்கியிருக்கும். ஒரு டப்பாவில் ஒன்றுதான். இரண்டு போட்டால் ஒன்று மற்றொன்றுக்கு உணவு.

கையில் ஏற்றி விளையாடும் ஆசை இருந்தால் இந்த உயிரினமே உங்களுக்கு வேண்டாம்.

படி 4: எங்கே வைப்பது?

வெயில் நேராகப் படாத அலமாரி. 22 முதல் 28 டிகிரி வரை வசதியாக இருக்கும், அதற்குக் கொஞ்சம் மேலே போனாலும் ஈரம் இருந்தால் சமாளிக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) நம் ஊர் வீடுகளுக்குத் தேவையே இல்லை.

நம் வீடுகளில் பயப்பட வேண்டியது கொசுவிரட்டிக்கு. கொசுவத்தி, பிளக்கில் மாட்டும் திரவம், கரப்பான் ஸ்பிரே எல்லாவற்றிலும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துதான் இருக்கிறது. அது சிலந்தியையும் கொல்லும். சிலந்தி இருக்கும் அறையில் கொசுவலைதான் கட்ட வேண்டும். எறும்புக்கு சாக்பீஸ் கோடு போடுவதும் இதே ஆபத்து. தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் டப்பாவை வைத்தால் எறும்பு ஏறாது.

படி 5: தண்ணீர்

பெரிய டரான்டுலாவின் மேல்தோலில் மெழுகுப் பூச்சு இருப்பதால் அது வறட்சியைத் தாங்கும். குஞ்சுக்கு அந்தப் பூச்சு அவ்வளவு தேறியிருக்காது, சீக்கிரம் வற்றிவிடும். ஆகவே டப்பாவின் ஒரு பாதி ஈரமாகவும் மறு பாதி ஓரளவு உலர்ந்தும் இருக்கட்டும். எது வேண்டுமோ அது அங்கே போய் உட்காரும். ஊசியில்லாத சிரிஞ்சால் ஒரு ஓரமாக, சுவரை ஒட்டிச் சில சொட்டு விடுங்கள். தண்ணீர் கீழே இறங்கி அடிமண்ணை நனைக்கும். ஸ்பிரே அடித்தால் மேல்மண் மட்டும் நனைந்து அன்றே காய்ந்துவிடும், குஞ்சும் மிரளும்.

சுவரில் எந்நேரமும் நீர் முத்துகள் நின்றால் ஈரமோ காற்றோட்டமோ சரியில்லை என்று அர்த்தம். சில நாள் தண்ணீர் விடாமல் இருங்கள். மண்ணில் தத்தித் திரியும் வெள்ளைப் பொடிப் பூச்சிகள் ஸ்பிரிங்டெயில். பூஞ்சையைத் தின்னும் நல்ல ஜீவன்கள், விட்டுவிடலாம்.

படி 6: உணவு

வாரம் இருமுறை போதும். செல்லப்பிராணிக் கடையில் பறவைக்கும் மீனுக்கும் விற்கும் மீல்வார்ம் (ஒருவகை வண்டின் புழு) எளிதாகக் கிடைக்கும். குஞ்சின் வயிற்றைவிடப் பெரிய இரை வேண்டாம். உயிரோடு பாய்ந்து பிடித்தால்தான் சாப்பிடும் என்பதில்லை. மீல்வார்மைத் துண்டாக வெட்டி, வாசலருகே வைத்துவிட்டால் இரவில் வந்து எடுத்துக்கொள்ளும். 24 மணி நேரத்தில் தொடாவிட்டால் இடுக்கியால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள். அது எந்த வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ, யாருக்குத் தெரியும்!

வந்த புதிதில் ஒரு வாரம், பத்து நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம்.

படி 7: தோலுரிப்பு

புதியவர்கள் கலங்கிப்போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குஞ்சு திடீரென்று உணவைத் தொடாது. வயிறு உருண்டு பளபளக்கும், நிறம் கருக்கும். குழி வாசலை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொள்ளும். இது தோலுரிப்புக்கான தயாரிப்பு. வாசலை உடைக்காதீர்கள், உயிருள்ள இரையை உள்ளே விடாதீர்கள். தோலுரிக்கும் சிலந்தியால் தற்காத்துக்கொள்ள முடியாது, இரையாகப் போட்ட ஒரு சுவர்க்கோழிப் பூச்சி நினைத்தால் அதையே கடித்துத் தின்றுவிடும். தண்ணீர் மட்டும் வழக்கம்போல.

நேரம் வந்ததும் மல்லாந்து படுத்துக்கொள்ளும். செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். முன்னுடம்பின் ஓரம் பிளந்து மேலோடு கழன்றுகொள்ளும். பிறகு ஒவ்வொரு காலாக, விட்டுவிட்டு அசைந்து உருவிக்கொண்டு வரும். சில மணி நேரமும் ஆகலாம். ஊதாதீர்கள், தொடாதீர்கள், டார்ச் அடித்தபடி நிற்காதீர்கள்.

உரித்த பிறகு நச்சுப்பல்லைக் கவனியுங்கள். முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு. கறுப்பானால்தான் கடிக்கும் வலு வந்திருக்கும். குஞ்சுக்கு ஒரு வாரம் விட்டு உணவு கொடுத்தால் சரி. உரித்த தோலைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்தபின், வயிற்றுப்பகுதித் தோலைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து விரித்துப் பார்த்துத்தான் ஆணா பெண்ணா என்று சொல்வார்கள்.

உண்மையான ஆபத்து வேறு மாதிரி இருக்கும். மல்லாக்காமல், நின்ற நிலையிலேயே கால்கள் எல்லாம் உடம்புக்கு அடியில் சுருண்டிருக்கும். சிலந்தி காலை நீட்டுவதற்குத் தசையைவிட உடல்திரவத்தின் அழுத்தத்தைத்தான் நம்பியிருக்கிறது. உடம்பு வற்றினால் அழுத்தம் குறைந்து கால் மடங்கிவிடும். அப்படிக் கண்டால் வாய்ப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடும்படி, ஆழமில்லாத மூடியின் ஓரத்தில் வையுங்கள். அது மூச்சுவிடும் புத்தக நுரையீரல் வயிற்றின் அடியில் இருப்பதால் வயிறு முங்கக் கூடாது. சில மணி நேரத்தில் எழுந்துகொள்வதும் உண்டு, எழாமல் போவதும் உண்டு.

படி 8: முதல் இடமாற்றம்

கால் அகலம் டப்பா அகலத்தில் பாதியைத் தொடும்போது அடுத்த அளவு டப்பாவுக்கு மாற்றுங்கள். தோலுரித்து இரண்டு வாரம் ஆகி, ஒருமுறையாவது சாப்பிட்ட பிறகுதான் மாற்ற வேண்டும். படி 3-இல் சொன்ன அதே பெரிய பெட்டி, அதே பிரஷ், கூடவே கவிழ்த்துப் பிடிக்க ஒரு தெளிவான கப்.

இப்போது ஒரு வித்தியாசம் உண்டு. கர்லி ஹேர் போன்ற அமெரிக்கக் கண்டத்து இனங்கள் வயிற்றிலிருந்து பின்கால்களால் நுண்முடிகளை உதறிவிடும். தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். வேலை முடிந்து கை கழுவும்வரை கண்ணைக் கசக்காதீர்கள். மாற்றிய பிறகு ஒரு வாரம் உணவு வேண்டாம், சிறிய தண்ணீர் மூடி மட்டும் வையுங்கள். அதைப் பெரும்பாலும் மண்ணால் மூடிவிடும், மறுபடி கழுவி வையுங்கள்.