பைபோலார்: உடல் தேறிய நாட்களில் செய்யும் தவறுகள்

இருதுருவ மனநிலைக் கோளாறு எனப்படும் பைபோலாரில் மனம் சில காலம் அளவுமீறிப் பொங்கும், சில காலம் எழவே முடியாமல் சோர்ந்துவிடும். 2016ஆம் ஆண்டின் சிங்கப்பூர் மனநல ஆய்வு, பெரியவர்களில் 1.6 விழுக்காட்டினர் வாழ்நாளில் எப்போதாவது இதற்கு ஆளானதாகக் கண்டறிந்தது. இந்நோயில் பெரிய தவறுகள், ‘இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று தோன்றும்போதே நடக்கின்றன என்பது என் எண்ணம்.

சோர்வு வந்தால் மருத்துவரிடம் போகிறோம். மனம் பொங்கி, இரவில் மூன்று மணி நேரமே உறங்கி, கடன் அட்டையில் கண்டதையெல்லாம் வாங்கிக் குவித்த வாரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். வீட்டாரும் அதைச் சுறுசுறுப்பு என்றே மகிழ்ந்திருப்பார்கள். இதை அறியாமல் மனச்சோர்வு மருந்து மட்டும் தரப்பட்டால் சிலருக்கு அதுவே மனம் பொங்குவதைத் தூண்டிவிடக்கூடும் என்பதால், கூடவே வாழும் ஒருவரை ஆலோசனைக்கு அழைத்துச் செல்வது நல்லது.

தேறியதும் மருந்தைத் தாமாக நிறுத்துவது அடுத்த தவறு. மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தான லித்தியத்தைத் திடீரென விட்டால் நோய் விரைவில் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. அதை ஒழுங்காக உட்கொள்பவர்களும் ஒன்றை மறந்துவிடுவதுண்டு: உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும்; அளவு மீறினால் அது நஞ்சாகும். தைப்பூசத்திற்கு விரதமிருந்து வெயிலில் காவடி எடுப்பவரும், உடல்வலிக்கு, லித்தியத்தை அதேபோல் தேங்கவைக்கக்கூடிய ஐபுபுரோஃபென் வாங்கிப் போடுபவரும் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். கை கடுமையாக நடுங்கி, வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

‘கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்’ என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. அதனால் நோய் தீராது. இந்நோய்க்குத் தரப்படும் இன்னொரு மருந்தான வால்புரோயேட் உட்கொள்ளும் பெண்ணுக்கோ, அம்மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால், கருத்தரிப்பதற்கு வெகுமுன்பே மருத்துவரிடம் பேசியாக வேண்டும்.

செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள், சிங்கப்பூர் அரசின் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் பைபோலாரும் அடங்குவதால் தங்கள் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம் என்பதை அறிய வேண்டும். பராமரிப்பவர்களுக்கு கேர்கிவர்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பு இலவசப் பயிற்சி தருகிறது. தூக்கம் குறையும்போது யாரை அழைப்பது, கடன் அட்டையை யாரிடம் ஒப்படைப்பது என்பதையெல்லாம் தெளிவாக இருக்கும்போதே எழுதி, மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண்ணான 6389 2222, தற்கொலை எண்ணத்திற்கு உதவும் 1767 ஆகியவற்றுடன் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.