சாவியைத் திருகியதும் மொத்த கரண்டும் போனால்: பழைய டீசல் வண்டியில் செய்யக்கூடாதவை

பழைய சுமோ, குவாலிஸ், பொலேரோ வைத்திருப்பவர்களுக்குப் பழகிய காட்சிதான். சாவியை முதல் கட்டத்துக்குத் திருகினால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் நன்றாக எரிகிறது, ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டரின் விளக்கும் வந்து அணைகிறது, சரி என்று ஸ்டார்ட்டுக்குத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்'. அத்தோடு ஹாரன் இல்லை, ஹெட்லைட் இல்லை, கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்குகூட இல்லை.

உடனே பேட்டரி கடைக்கு போன் போடுகிறோம் பாருங்கள், அதுதான் முதல் தவறு. பேட்டரி சார்ஜ் இறங்கினால் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும்: ஹெட்லைட் மங்கும், செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றும், அப்புறம் 'டக் டக் டக்' என்று அடிக்கும். நல்ல வெளிச்சத்தில் இருந்த வண்டி ஒரே நொடியில் இருண்டுபோனால், எல்லாவற்றுக்கும் பொதுவான வழியில் ஏதோ ஒரு இணைப்பு விட்டுவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டீசல் இன்ஜினின் கம்ப்ரஷனைத் தாண்டிச் சுற்ற செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேல் கேட்கும். டெர்மினலில் உப்பு பூத்து 0.05 ஓம் தடை வந்திருந்தாலே, 200 ஆம்பியர் இழுக்கப் பார்க்கும்போது 10 வோல்ட் அந்த இடத்திலேயே தொலைந்துவிடும். அரை ஆம்பியர் இழுக்கும் உள்விளக்குக்கு அதே தடை ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் சற்று முன்வரை எல்லாம் சரியாக இருந்ததுபோல் தெரிகிறது. செல்ஃப் இழுத்த இழுப்பில் அந்த அரைகுறைத் தொடர்பும் பொறி தட்டி விட்டுப்போனால் மொத்தமும் இருட்டு.

புது பேட்டரி போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், அது உண்மை. மாற்றும்போது கடைக்காரர் டெர்மினலைச் சுரண்டி இறுக்கியிருப்பார், வேலை செய்தது அதுவாகவும் இருக்கலாம். நல்லாயிருந்த பழைய பேட்டரி எக்ஸ்சேஞ்சில் போயே போச்சு.

அடுத்தது, மல்டிமீட்டரை வைத்து 12.6 வோல்ட் காட்டுகிறது, பேட்டரி நல்லாயிருக்கு என்று மூடிவிடுவது. சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்ட் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஒருவரைச் சாவி திருகச் சொல்லிவிட்டு அந்த நேரத்தில் பாருங்கள். அதையும் மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வைத்துப் பார்க்காமல், நடுவில் தெரியும் ஈயக் கம்பத்திலேயே முனைகளை வையுங்கள். கம்பத்தில் 12 வோல்ட் நிற்கிறது, கிளாம்பில் படுத்துவிடுகிறது என்றால் குற்றவாளி இரண்டுக்கும் நடுவில் படிந்திருக்கும் மெல்லிய கறுப்புப் படலம்தான். கம்பத்திலேயே வோல்ட் விழுந்து, சாவியை விட்டதும் திரும்ப ஏறினால் பேட்டரிக்குள்ளேயே செல் இணைப்பு உடைந்திருக்கலாம். அப்போது தாராளமாகப் புது பேட்டரி வாங்குங்கள்.

வெளியே பளிச்சென்று இருப்பதை நம்பவும் கூடாது. கிளாம்பைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள், ஒயர் கிளாம்புக்குள் நுழையும் இடத்தை லேசாக வளைத்தும் பாருங்கள், உறைக்குள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருக்கும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் செல் மூடிக்குள் இறங்காமல் கழுவி, உப்புத்தாள் போட்டு, இறுக்கிய பிறகுதான் வாசலின். ஸ்லாக்காக இருக்கிறது என்று தகரத்துண்டு செருகுவதும், சுத்தியலால் தட்டி இறக்குவதும் வேண்டாம், தட்டினால் கம்பம் உள்ளே விட்டுப்போகும்.

பிளஸ் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எர்த்தை மறப்பவர்கள் ஏராளம். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் துருப்பிடித்திருந்தாலும் இதே இருட்டுதான். இன்ஜினுக்குப் போகும் பட்டை எர்த் மட்டும் விட்டிருந்தால் விளக்குகள் எரியும், செல்ஃப் சுற்றாது, கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக வழி தேடி அந்தக் கேபிளே புகையும். இப்படி எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. ஹெட்லைட் எரிந்து டேஷ்போர்டு மட்டும் இருண்டால் சாவி சுவிட்ச், அதற்குப் போகும் ஃபியூஸ் பக்கம் போங்கள். மெயின் ஃபியூஸ் எரிந்திருந்தால் அந்த இடத்தில் செம்புக் கம்பி மட்டும் சுற்றாதீர்கள். அடுத்த ஷார்ட்டில் கம்பி நிற்கும், வண்டி எரியும்.

செல்ஃப் மோட்டாரில் ஸ்க்ரூடிரைவர் வைத்து ஷார்ட் செய்து பார்க்கும் வழக்கமும் உண்டு. வண்டி கியரில் இருந்தால் முன்னால் நிற்பவர் மேலேயே ஏறும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் உதவிக்கு லாரி நிற்கும், நல்ல மனசுதான், ஆனால் பெரும்பாலான லாரிகளில் இரண்டு பேட்டரி தொடராக இணைந்து 24 வோல்ட். அதிலிருந்து நேராக ஜம்பர் கேபிள் போட்டால் உங்கள் 12 வோல்ட் வண்டியின் ஒயரிங் தாங்காது. கார் அல்லது ஜீப்பாகப் பார்த்து அதிலிருந்து கரண்ட் வாங்குங்கள், கடைசி கறுப்புக் கிளிப்பை பேட்டரியில் போடாமல் உங்கள் வண்டியின் இன்ஜின் இரும்பில் போடுங்கள், ஏனென்றால் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமே என்றால், பல ரோட்டரி டீசல் பம்ப்களில் டீசலைத் திறந்துவிடும் சோலினாய்டுக்கே (மின்சார வால்வு) கரண்ட் வேண்டும். மொத்தமும் இருட்டாக இருக்கும்போது நான்கு பேர் எவ்வளவு தள்ளினாலும் மூச்சுதான் வாங்கும். கையால் இழுத்து நிறுத்தும் ஸ்டாப் கேபிள் உள்ள பழைய வண்டியென்றால் தள்ளலில் ஓடிவிடும், ஆனால் விட்டுப்போன டெர்மினலோடு அப்படியே கிளம்பக்கூடாது. ஓடும்போது பேட்டரித் தொடர்பு விட்டுவிட்டால் வோல்ட் தாறுமாறாக ஏறி டைனமோ என்று நாம் சொல்லும் ஆல்டர்னேட்டரின் டயோடு போய்விடும். டைனமோ சோதிக்கிறேன் என்று ஓடும் வண்டியில் டெர்மினலைக் கழற்றுபவர்களுக்கும் இதே செலவுதான் காத்திருக்கிறது.