அடுக்குமாடிப் பொதுக்கூட்டத்தில் நாம் செய்யும் தவறுகள்

கோலாலம்பூர் வாக்காளருக்குப் பொதுத்தேர்தலில் கிடைப்பது ஒரே ஒரு வாக்குச் சீட்டு, நாடாளுமன்றத்துக்கு மட்டும். கூட்டரசுப் பிரதேசம் என்பதால் இங்கே சட்டமன்றம் இல்லை. மாநகர மேயரும் நியமிக்கப்படுகிறவர்தான். மற்ற ஊர்களில் 1965-இல் நிறுத்திவைக்கப்பட்ட உள்ளாட்சித் தேர்தலையும் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அறவே நீக்கிவிட்டது. குப்பைக்கும் வடிகாலுக்கும் நாம் தேர்ந்தெடுத்த ஆள் என்று யாருமில்லை. இப்படிப்பட்ட ஊரில், செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ அடுக்குமாடி வீடு வாங்கியவருக்கு, தன்னை நிர்வகிப்பவரை நேரில் தேர்ந்தெடுக்கும் ஓரிடம் மிச்சமிருக்கிறது: கட்டடத்தின் வீட்டு உரிமையாளர்கள் கூடி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டம். அதையும் நாமே கைவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

முதல் தவறு, போகாமல் இருப்பது. ஆள் சேராவிட்டால் கூட்டம் தள்ளிப்போகும் என்று பலர் நம்புகிறார்கள். அடுக்குமாடிக் கட்டடங்களின் நிர்வாகத்துக்கான 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி, ஓட்டுரிமை உள்ளவர்களில் கால்வாசிப் பேர் வர வேண்டும். அரை மணி நேரத்துக்குள் அத்தனை பேர் வராவிட்டால், வந்தவர்களே போதும் என்கிறது அதே சட்டம். 400 வீடுகள் உள்ள கட்டடத்தில் 15 பேர் கூடிப் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தினாலும் அது செல்லும்.

என்னை மிகவும் வருத்துவது அடுத்த தவறு. மின்தூக்கி மாதக்கணக்கில் பழுதாகிக் கிடக்கிறது. கோபத்தில் கட்டணம் கட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் கூட்டத்துக்கு முந்தைய ஏழாவது நாளில் சிறு தொகை பாக்கி இருந்தாலும் ஓட்டு கிடையாது. குறை சொல்ல அதிகக் காரணம் உள்ளவர்களே வாயிலில் தடுக்கப்பட, குறைக்குக் காரணமான நிர்வாகக் குழு சிரமமில்லாமல் மீண்டும் வந்துவிடுகிறது. வேலை இழந்து, கட்ட வழியில்லாமல் பாக்கி வைத்தவருக்கும் இதே கதிதான். பணம் இல்லாதவனின் ஓட்டைப் பறிக்கும் இந்த விதியை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. ஆனாலும் விதி மாறும்வரை, முடிந்தவர்கள் பாக்கியைத் தீர்த்து ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அங்கே கோபத்தைக் காட்டுங்கள்.

வர முடியாதவர்கள், தமக்குப் பதிலாக ஓட்டுப்போட ஒருவரை நியமிக்கும் பிராக்ஸி பாரத்தில் கையெழுத்து மட்டும் போட்டு, "அண்ணே, பேரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிடுகிறார்கள். இது ஓட்டைத் தானம் செய்வது. ஒருவர் ஒரே ஓர் உரிமையாளருக்குத்தான் பிரதிநிதியாக இருக்க முடியும். பாரம் கூட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். பெயரை நீங்களே எழுதுங்கள், எதற்கு ஆதரவு என்பதையும் அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

கணக்கறிக்கையைக் கூட்டத்தில்தான் முதல்முறையாகப் புரட்டுவதும் வழக்கமாகிவிட்டது. பராமரிப்புக் கட்டணத்தில் பொதுவாகப் பத்து விழுக்காட்டுக்குச் சமமான தொகை, பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதியான சிங்கிங் ஃபண்டுக்காகத் தனியே வசூலிக்கப்படுகிறது. அது எங்கே இருக்கிறது, எதற்குச் செலவானது என்ற ஒரு கேள்வியே பல விஷயங்களைத் திறந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் இரவு முழுவதும் கேட்டுப் பயனில்லை. தணிக்கையான கணக்கு மேசையில் இருக்கும்போது கேட்க வேண்டும்.

கைதூக்கும் முறையில் சிறிய வீடும் பெரிய வீடும் சமம். யாராவது வாக்கெடுப்பு கோரினால், வீட்டின் அளவைப் பொறுத்து அதற்கு ஒதுக்கப்பட்ட பங்கு அலகுகளின்படி ஓட்டு எண்ணப்படும். விற்காத வீடுகளை நிறைய வைத்திருக்கும் மேம்பாட்டாளரின் கை அப்போது ஓங்கும். இது தெரியாமல், கைதூக்கலில் ஜெயித்துவிட்டோம் என்று பாதியில் எழுந்து போகாதீர்கள்.

"குழுவில் நம்மவர் ஒருவர் இருந்தால் போதும்" என்று ஓட்டுப் போடுவதும் சரியல்ல. நம்மவரிடமும் கணக்குக் கேளுங்கள்; கேட்டால் கோபித்துக்கொள்பவர் அந்த நாற்காலிக்கு ஏற்றவரல்லர். கேட்டும் பதில் வராவிட்டால் அடுக்குமாடி நிர்வாகங்களைக் கண்காணிக்கும் கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம். 2,50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளுக்கு ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது.

கூட்டம் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கிறது. தமிழ் மட்டும் அறிந்த மூத்த பெண்கள், வீடு தங்கள் பெயரிலேயே இருந்தும், கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர் தூக்கும்போது கை தூக்குகிறார்கள். அவர்களைத் தனியே விடுவதும் நம் தவறுதான். தொடங்குமுன்பே தலைவரிடம் மொழிபெயர்க்க நேரம் கேளுங்கள், பாட்டியின் கேள்வியை அவர் பெயரிலேயே கேளுங்கள், கூட்டக் குறிப்பில் அது பதிவாகும்வரை விடாதீர்கள்.