பழைய ஜெனிட் லென்ஸை சோனி கேமராவுல மாட்ட நாமளே அடாப்டர் செய்யலாம்

பரண்ல பழைய ஜெனிட் கேமரா கெடந்தா அதுல இருக்குற ஹீலியோஸ் 58 எம்எம் லென்ஸை மட்டும் கழட்டி வச்சுக்கங்க. சோனி இ மவுண்ட் (மவுண்ட்னா லென்ஸ் மாட்டுற வாய்) பாடியில அதை மாட்டி வீடியோ எடுக்க ஒரு குட்டிக் குழாய் போதும், கடையில ரெடிமேடாவே கெடைக்குதுதான், ஆனா ஆர்டர் போட்டு ராம்நாட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள நம்மளே செஞ்சு முடிச்சிரலாம், அதோட இங்க எடுக்கப்போறது கடல், படகு, பாம்பன் பாலம்னு எல்லாமே தூரத்துல இருக்குற ஐட்டம், அதுக்கு அளவு கரெக்டா இருக்கணும், மட்டமான ரெடிமேட்ல அந்த அளவே சில நேரம் சரியா வர்றதில்ல.

அளவு அளவுன்னு ஏன் உயிர எடுக்குறேன்னா விஷயமே அதுலதான் இருக்கு. லென்ஸ் உக்கார்ற முகத்துலருந்து சென்சார் வரைக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் ஃபிக்ஸ்டு. ஜெனிட்டோட எம்42 மரைக்கு 45.46 எம்எம், சோனி இ மவுண்ட்டுக்கு 18. கழிச்சா 27.46, அதுதான் உங்க அடாப்டரோட மொத்த நீளம். நிக்கான் எஃப் லென்ஸ்னா 46.5ல 18 போக 28.5, பழைய கேனான் எஃப்டின்னா 42ல 18 போக 24.

இப்ப குழாய் ஒரு 0.1 எம்எம் நீளமாயிருச்சுன்னு வைங்க, 58 எம்எம் லென்ஸ்ல கிட்டத்தட்ட 33 மீட்டருக்கு அப்பால ஃபோகஸ் போகவே போகாது. 0.5 எம்எம் கூடிருச்சுன்னா 7 மீட்டரோட முடிஞ்சது கதை, கரையில நிக்கிற ஆளு ஷார்ப்பா இருப்பாரு, பின்னாடி வர்ற போட்டு வெறும் கலர் உருண்டையாத்தான் தெரியும். கணக்கு ஈஸிதான், ஃபோக்கல் லெங்த்தை அதாலயே பெருக்கி, கூடிப்போன நீளத்தால வகுங்க, எம்எம்ல விடை வரும். இதுல பலபேர் டெலி லென்ஸுக்குத்தான் அளவு முக்கியம்னு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல. 135ல அதே 0.1 தப்புக்கு 180 மீட்டர் வரைக்கும் போகும், 28 எம்எம்ல 8 மீட்டர்கூட தாண்டாது. வைடு லென்ஸ்தான் மொதல்ல காலை வாரும், டயாஃப்ரம்மை, அதான் லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற துளைய, மூடினா கொஞ்சம் மறைக்கலாம், அவ்வளவுதான்.

அதனால குழாய் கொஞ்சம் கட்டையா இருந்தா பரவால்ல, நீளமா மட்டும் இருக்கவே கூடாது. 27.3க்கு குறி வைங்க. கட்டையா இருந்தா லென்ஸ்ல இன்ஃபினிட்டி குறி (படுத்த எட்டு) வர்றதுக்கு முன்னாடியே தூரம் ஷார்ப்பாயிரும், ரிங்ல போட்டிருக்குற மீட்டர் நம்பர் பொய் சொல்லும், வீடியோவுல யாரு அதைப் பாக்குறா.

பொருள் பெருசா ஒண்ணும் வேணாம். ஒண்ணரை இன்ச் பிவிசி பைப் துண்டு, எம்42 மேக்ரோ டியூப் (கிட்டத்துல எடுக்க லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல மாட்டுற வெத்துக் குழாய்) ஒண்ணு, இ மவுண்ட்டுக்கு வர்ற மட்ட விலை மேக்ரோ டியூப் ஒண்ணு, அரால்டைட், உப்புத்தாள். பாடி கேப்புல, அதான் கேமரா வாய மூடுற மூடியில, ஓட்டை போட்டு பைப்பை ஒட்டிரலாம்னு நெறைய பேர் சொல்லுவாங்க, நான் வேணாம்னுதான் சொல்லுவேன். கேப்புல லாக் விழுற பள்ளம் பெரும்பாலும் இருக்காது, ஃபோகஸ் ரிங்கை திருகுறப்ப அடாப்டரும் சேந்து திரும்பி லென்ஸ் கழண்டு விழுந்துரும், அதுவும் பாலத்து மேல நின்னுக்கிட்டு எடுக்குறப்ப விழுந்தா எங்க விழும்னு சொல்லத் தேவையில்ல. மேக்ரோ டியூப் செட்டு தனித்தனியா கழளும், கேமரா பக்கத்து ரிங்ல லாக் பள்ளத்தோட மெட்டல் மவுண்ட் இருக்கும், அதை மட்டும் எடுத்துக்கங்க.

இந்த ரிங், எம்42 டியூப்ல லென்ஸ் திருகுற ரிங், ரெண்டோட தடிமனையும் வெர்னியர்ல அளந்துக்கங்க, பைப்புக்குள்ள போற மரைப் பகுதிய கணக்குல சேக்காதீங்க. ரெண்டும் சேந்து 9 எம்எம்னா பைப் 18.3. ஹாக்ஸா பிளேடுல 20க்கு அறுத்துட்டு மிச்சத்தை லேத்துல எடுக்கணும். நம்ம பக்கம் போட்டு இன்ஜின் வேலை பாக்குற பட்டறைங்கள்ல லேத் இருக்கும், "அண்ணே, ரெண்டு பக்கமும் ஃபேஸிங் மட்டும் அடிச்சுக் குடுங்க"ன்னு, அதாவது முகத்தை மட்டமா சீவித் தரச் சொல்லிக் கேட்டா "என்னடா தம்பி, இத்தினிக்கூண்டு பைப்புக்கெல்லாம் லேத்தா"ன்னு சிரிச்சுக்கிட்டே செஞ்சு தருவாங்க. ஆனா ஒண்ணு, பிவிசி மெல்லிசு, லேத்துல பைப்பைப் பிடிக்கிற சக்குல மூணு தாடையும் இறுக்குனா வட்டம் முக்கோணமாயிரும், கழட்டுனதும் வெட்டுன முகம் கோணிக்கும். உள்ள டைட்டா ஒரு மரக்கட்டைய அடிச்சு அதோட சேத்து பிடிக்கச் சொல்லுங்க. முகம் சாய்ஞ்சிருந்தா ஃப்ரேம்ல எடது பக்கம் ஷார்ப்பா, வலது பக்கம் மங்கலா வரும், எடிட்டிங்ல அதை ஒண்ணும் பண்ண முடியாது.

ஒட்டுறதுக்கு முன்னாடி செல்லோ டேப் சுத்தி மாட்டி டெஸ்ட் பண்ணிருங்க. பைப் துகள் ஒண்ணுகூட இல்லாம கழுவி, காய வச்சப்பறந்தான் கேமரா பக்கம் கொண்டு போகணும். மெனுவுல லென்ஸ் இல்லாம ரிலீஸ் ஆகுற ஆப்ஷனை எனேபிள் பண்ணுங்க, இல்லன்னா சில பாடி ரெக்கார்டே ஆகாது. டெஸ்டுக்கு நமக்கு வாச்ச மாதிரி யாருக்கும் வாய்க்காது, ராமேஸ்வரம் டிவி டவர் 323 மீட்டர் ஒசரம், ராத்திரி செவப்பு லைட் எரியும், ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி நின்னு டயாஃப்ரம்மை முழுசா தொறந்து ஃபோகஸ் மேக்னிஃபையர்ல அந்த லைட்டைப் பாருங்க. ரிங் முட்டுறதுக்கு கொஞ்சம் முன்னாடி புள்ளி சின்னதாகி அப்பறம் மறுபடி ஊதுச்சுன்னா சரியா இருக்கு. கடைசி வரைக்கும் சின்னதாகிக்கிட்டே போயி முட்டி நின்னுருச்சுன்னா பைப் நீளம், கண்ணாடி மேல உப்புத்தாளை விரிச்சு எட்டு போடுற மாதிரி தேய்ங்க. ரொம்ப கட்டையாயிருச்சுன்னா ஓஎச்பி ஷீட்டை வளையமா வெட்டி நடுவுல வைங்க, ஒரு ஷீட் சுமாரா 0.1 எம்எம் வரும்.

ஒட்டுறதுக்கு அரால்டைட்தான், பைப் முகத்தை உப்புத்தாள்ல சொரசொரப்பாக்கிட்டு பூசுங்க, ஃபெவிக்விக் வேணாம், அதோட ஆவி லென்ஸ் கண்ணாடியில வெள்ளையா படியும். ஸ்க்ரூ போடுறதா இருந்தா பித்தளைல போடுங்க, இரும்பு நம்ம உப்புக் காத்துக்கு தாங்காது.

அப்பறம் உள்பக்கம். வெள்ளை பிவிசி அப்படியே விட்டா வெளிச்சம் உள்ள முட்டி மோதி படம் பால் ஊத்துன மாதிரி வெளுத்துரும், தனுஷ்கோடில மணலும் தண்ணியும் ரெண்டு பக்கமும் கண்ணைக் கூசுறப்ப இன்னும் மோசம். மேட் பிளாக் பெயின்ட் ஓரளவுக்குத்தான், டெய்லர் கடையில கறுப்பு வெல்வெட் துண்டு வாங்கி, நூல் பிரியாம வெட்டி உள்ள ஒட்டுனீங்கன்னா வித்தியாசம் ஸ்க்ரீன்லயே தெரியும். வெளிச்சம் பைப் சுவத்தை ஊடுருவியும் உள்ள வரும், வெளிய கறுப்பு டேப் ஒரு சுத்து சுத்திருங்க.

பகல்ல 25 ஃப்ரேமுக்கு ஷட்டர் 1/50ல வச்சா எஃப்2ல எல்லாம் வெளுத்துப் போயிரும், என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்குற கறுப்புக் கண்ணாடி) இல்லாம தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை பக்கமே போகாதீங்க. அங்க காத்துல லென்ஸ் மாத்தவும் வேணாம்.

பிடி170 மாதிரி கல்யாண வீடியோ கேமரா வச்சிருக்குறவங்களுக்கு இந்தக் குழாய் ஆகாது, அதுல லென்ஸ் கழளவே கழளாது. அதுக்கு வேற வழி, பழைய லென்ஸுக்குப் பின்னாடி சரியா 45.46ல ஒரு தேய்ச்ச கண்ணாடிய நிறுத்தி, அதுல விழுற படத்தை க்ளோசப் லென்ஸ் மாட்டுன கேமரா எடுக்கணும். கண்ணாடியோட சொரசொரப்பு படத்துல தெரியாம இருக்க பழைய செல்போன் வைப்ரேட்டர் மோட்டாரை வச்சு அதை ஆட்டிக்கிட்டே இருக்கணும், வெளிச்சமும் நெறைய போகும், படம் தலைகீழா வேற வரும், அதை எடிட்டிங்ல திருப்பிக்கலாம், ஷூட்டிங்ல ஒரு சின்ன மானிட்டரை கவுத்து மாட்டிக்கங்க.