ஊசிக்கும் நகவெட்டிக்கும் நாயைப் பழக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

பெங்களூரில் நாய் வளர்ப்பவர்களுக்கு உண்ணிக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. நாய் இரண்டு வேளை சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலே டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வார். முன்னங்காலில் கொஞ்சம் முடியை டிரிம்மரால் மழித்து, ஸ்பிரிட் தடவி, முழங்கைக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி ரத்தக்குழாயைப் புடைக்க வைத்து, ஊசியை இறக்குவார்கள். சில நிமிட வேலை. அதற்கு மூன்று பேர் சேர்ந்து நாயை மேஜையில் அமுக்க வேண்டியிருந்தால், தவறு அன்றைக்கு நடந்ததில்லை. அந்தக் காலை அதுவரை யாரும் அப்படிப் பிடித்துப் பழக்கவில்லை. டிரிம்மர் சத்தம், ஸ்பிரிட் வாடை, காலை இறுக்கும் கை மூன்றும் ஒரே நேரத்தில், உடம்பு முடியாத நாளில், தெரியாத இடத்தில் அதன் மேல் வந்து விழுகின்றன.

தேவை வந்த நாளில் பழக்க ஆரம்பிப்பதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். பயிற்சி வேறு, வேலை வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பயிற்சி நேரத்தில் எதையும் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போதும். இன்றைக்கே பதினெட்டு நகத்தையும் வெட்டியாக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால் அது பயிற்சியே இல்லை. டாக்டரிடம் கேட்டு மயக்கமருந்தோடு செய்வதா, நாளைக்கு ஒரு நகம் என்று பிரிப்பதா என்று முடிவெடுங்கள். அமுக்கிப் பிடித்து ஒரே மூச்சில் முடித்தால் நகம் குறையும், அடுத்த மாதம் நகவெட்டியைப் பார்த்ததுமே நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

தீனி கொடுக்கும் வரிசையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சிக்கன் துண்டை முன்னால் நீட்டி, நாய் அதைக் கடிக்கும் நேரத்தில் பாதத்தைப் பிடிப்பது பழக்கமாகிவிட்டது. இதில் நாய் கற்றுக்கொள்வது, சிக்கன் வந்தால் பின்னாலேயே பிடி வரும் என்பது. சில வாரங்களில் சிக்கனைக் கண்டாலே ஒதுங்கும். வரிசையை மாற்றுங்கள்: முதலில் தொடுதல், அரை நொடி கழித்துத் தீனி, கையை எடுத்ததும் தீனியும் நிற்க வேண்டும். தொட்டால்தான் தீனி வரும் என்று அதற்குப் புரிந்த நாளில், தானாகப் பாதத்தை உங்கள் பக்கம் நகர்த்தும். தொடும்போது உங்கள் இன்னொரு கை தீனிப் பையில் இருக்கக் கூடாது. கை அசைவே தீனிக்கு அடையாளமாகிவிட்டால் தொடுதலை நாய் கவனிக்காது.

துண்டு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த சிக்கன், முட்டை, பனீர் நன்றாக வேலை செய்யும். சைவ வீடுகளில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பனீரும் போதும். வெங்காயம், சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை கூடவே கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்திருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், அது நாய்க்கு விஷம். ஒரு நாளில் கொடுக்கும் தீனி மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நக விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல நாய்களுக்கு மற்றப் பயங்களும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் சதை இருக்கிறது, அதில் வெட்டுப்பட்டால் ரத்தமும் வலியும் வரும். வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாக வெளியிலிருந்தே தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. அதனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஒரே வெட்டில் எடுக்காமல், ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் உலர்ந்து வெளிறித் தெரியும். நடுவில் ஈரமான கரும்புள்ளி தென்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். ரத்தம் வந்துவிட்டால் சோளமாவையோ ரத்தம் கட்டும் பொடியையோ நகத்தின் முனையில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அன்றைக்கு அடுத்த நகத்தைத் தொட வேண்டாம்.

வெட்டுப்படாமலேயே வலிக்கவும் செய்யும். மழுங்கிய நகவெட்டி வெட்டுவதற்கு முன் நகத்தை நசுக்குகிறது. முன்னங்காலை உடம்பிலிருந்து பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தால் தோள்மூட்டில் இழுப்பு வரும். கால் இயல்பாக மடங்கும் திசையில், பின்பக்கமாக மடித்துப் பிடித்தால் பல நாய்கள் எதிர்ப்பதே இல்லை. விரலைப் பிழிய வேண்டாம். கட்டைவிரல் அடியில், ஆள்காட்டி விரல் மேலே, லேசான பிடி. பெரும்பாலான நாய்களுக்கு முன்னங்காலின் உட்பக்கம் சற்று மேலே ஒரு தனி நகம் இருக்கும். அது தரையில் தேயாது, விட்டால் வளைந்து தோலுக்குள்ளேயே இறங்கும். நாய் நடக்கும்போது டைல்ஸில் டக் டக் என்று சத்தம் கேட்டால் நகம் நீண்டுவிட்டது என்று அர்த்தம்.

பழக்கும் படிகள் இப்படி: நகவெட்டி தரையில் கிடக்கிறது, நாய் பார்க்கிறது, தீனி. அடுத்து, நகவெட்டி இல்லாமல் பாதத்தை ஒரு நொடி பிடித்து தீனி, மெதுவாக ஐந்து நொடி வரை. பிறகு நகவெட்டி நகத்தில் படுகிறது, ஆனால் வெட்டவில்லை. அதற்குப் பிறகு சத்தம்: வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சியைப் பாதத்தின் அருகே நகவெட்டியால் நறுக்குங்கள், நகம் வெட்டும் சத்தத்துக்கு மிக நெருக்கம். கடைசியில் ஒரே ஒரு நகத்தின் நுனி, அதோடு அன்றைக்கு முடித்துக்கொள்ள வேண்டும். பத்து முறையில் எட்டு முறை உடம்பு தளர்ந்தே இருந்தால் மட்டும் அடுத்த படி. அதற்குக் குறைந்தால் ஒரு படி கீழே. இதற்கு மூன்று வாரம் ஆகும் நாயும் உண்டு, மூன்று மாதம் ஆகும் நாயும் உண்டு. அவசரம் நாயுடையது இல்லை.

அடுக்ககங்களில் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் தரை. வழவழப்பான டைல்ஸில் கால் வழுக்கும்போது நாய் ஏற்கெனவே பாதிப் பயத்தில் இருக்கிறது, நீங்கள் தொடுவது அதற்கு மேல் ஏறுகிறது. பழைய யோகா விரிப்பைப் போட்டுப் பழக்குங்கள். அதே விரிப்பைச் சுருட்டிக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் மேஜையிலும் எடைக் கருவியிலும் விரித்தால், பழகிய தரை கூடவே வந்துவிடுகிறது. குளியலறையிலும் ரப்பர் விரிப்பு வேண்டும்.

குளிப்பாட்டுவதில் பெரிய தவறு, சிக்குப் பிடித்த முடியை அப்படியே நனைப்பது. ஷிட்சூ, கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றுக்குக் காதின் பின்புறம், அக்குள், ஹார்னஸ் உரசும் இடங்களில் சிக்கு சேரும். தண்ணீர் பட்டால் அது இன்னும் இறுகும், அதன் பிறகு சீப்பு தோலையே இழுக்கும். முதலில் சிக்கெடுத்துப் பிறகுதான் தண்ணீர். தோலோடு ஒட்டிய சிக்கைக் கத்தரியால் வெட்டப் போய்த் தோலைக் கிழித்தவர்கள் உண்டு, அதை டிரிம்மரால்தான் எடுக்க வேண்டும். தண்ணீரைக் காலிலிருந்து தொடங்குங்கள், தலைக்குக் கடைசியில் ஈரத்துணி போதும். ப்ளோயரை முதலில் பக்கத்து அறையில் ஓடவிட்டு தீனி கொடுங்கள். பிறகு அதே அறையில், காற்று வேறு பக்கம். உடம்பில் காற்று படுவது அதற்கெல்லாம் பிறகு.

அடுக்ககத்துக்கே வரும் குரூமிங் வேன்கள் வசதிதான். ஆனால் மூடிய வண்டி, மோட்டார் இரைச்சல், புது ஆள், கழுத்தில் மேஜைக் கயிறு எல்லாம் முதல் முறையிலேயே சேர்ந்து வரக் கூடாது. நீங்கள் பக்கத்தில் நிற்கலாமா என்று முன்பே கேளுங்கள். முதல் தடவை ஏறி இறங்கிப் பிரஷ் மட்டும் போடச் சொல்லுங்கள். நாய் மிரண்டால் பாதியில் நிறுத்துவோம் என்று ஒத்துக்கொள்ளாதவரிடம் நாயை விட வேண்டாம். பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களைக் கூண்டுக்குள் வைத்து வெப்பக் காற்றால் உலர்த்த விடாதீர்கள், அவற்றால் உடல் சூட்டை எளிதில் தணித்துக்கொள்ள முடியாது.

காதில் மருந்து விடுவதற்கு முன் பாட்டிலை உள்ளங்கையில் சில நிமிடம் வைத்திருங்கள். குளிர்ந்த திரவம் திடீரென்று உள்ளே போவதுதான் பல நாய்களுக்குக் காதைத் தொட்டாலே உறுமலாக மாறுகிறது. பட்ஸ் வேண்டாம். வாடை வந்தாலோ, தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். வலிக்கும் இடத்தைத் தீனி கொடுத்துப் பழக்க முடியாது.

இனி, நாய் சொல்வதைக் கேட்காமல் விடும் தவறு. உறுமுவதற்கு வெகு முன்பே அது பேசிவிடுகிறது: உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும், ஒரு காலைத் தூக்கி வைக்கும், வெயில் இல்லாமலே மூச்சிரைக்கும். வழக்கமாக மெதுவாக வாங்கும் தீனியை வெடுக்கென்று பறித்தாலும் பயம்தான், வாங்காமலே விட்டால் எல்லை தாண்டிவிட்டது. ரொம்பவும் ஏமாற்றுவது உறைந்துபோய் நிற்கும் நாய். ‘எவ்வளவு சமத்தா நிக்குது பாரு’ என்று பாராட்டுவார்கள். அந்த உடம்பைத் தொட்டுப் பார்த்தால் மரக்கட்டையாக இறுகியிருக்கும். அமைதியான நாயின் வாய் தளர்ந்திருக்கும், எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

உறுமினால் அதட்டவே கூடாது. அதட்டினால் உறுமல் போகும், பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி மட்டும் வரும். கையை எடுத்துவிட்டு, எந்தப் படியில் உறுமியது என்று குறித்துக்கொண்டு, மறுநாள் அதற்கு இரண்டு படி கீழிருந்து தொடங்குங்கள்.

நாய்க்கு ‘போதும்’ என்று சொல்ல ஒரு வழி கொடுப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். ஸ்டூலில் மடித்த துண்டை வைத்து, அதன் மேல் தாடையை வைக்கக் கற்றுக்கொடுங்கள். தாடை துண்டில் இருக்கும்வரை தொடுவோம், தூக்கினால் அந்த நொடியே கையை எடுப்போம். சிராக் படேல் என்ற லண்டன் பயிற்சியாளர் உருவாக்கிய ‘பக்கெட் கேம்’ முறையும் இதே அடிப்படைதான்: தீனி உள்ள பக்கெட்டை நாய் பார்த்துக்கொண்டிருக்கும்வரை வேலை நடக்கும், பார்வையை விலக்கினால் நிற்கும். நிறுத்த முடியும் என்று தெரிந்த நாய்தான் நிறுத்தாமல் நிற்கிறது. முதல் வாரத்தில் அடிக்கடி தூக்கும், சோதித்துப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். கம்பிக்கு வெளியிலிருந்து சிங்கத்துக்கு ரத்தம் எடுக்கும் உயிரியல் பூங்காக்களும் இந்த வழியில்தான் போகின்றன.

தொடும் முன் பெயர் சொல்லுங்கள்: ‘கால்’, ‘காது’, ‘ஊசி’. இங்கேதான் பெங்களூர்த் தமிழ் வீடுகளில் ஒரு சிக்கல் வருகிறது. பாட்டி ‘காலக் குடு’ என்பார், பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘பா’ (paw) என்று கேட்பார்கள், வேலைக்கு வரும் அம்மா கன்னடத்தில் சொல்வார். எந்த மொழியானாலும் சரி, ஒரு செயலுக்கு ஒரே சொல் என்று வீட்டில் முடிவு செய்து ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டுங்கள். கிளினிக்கில் உதவியாளர் கன்னடத்திலோ இந்தியிலோ பேசுவார், கட்டளைச் சொல்லை நானே சொல்கிறேன் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ‘வா’ என்று கூப்பிட்டு நகம் வெட்டுவதோ மருந்து ஊற்றுவதோ வேண்டவே வேண்டாம். அந்த ‘வா’ என்றைக்காவது அல்சூர் சாலையில் கயிறு நழுவும்போது நாயின் உயிரைக் காக்க வேண்டிய சொல்.

ஊசிக்கு ஒத்திகை: கழுத்துப் பின்தோலை லேசாகக் கிள்ளி தீனி, பிறகு ஸ்பிரிட் பஞ்சின் வாடையோடு, பிறகு ஊசி மாட்டாத சிரிஞ்சின் முனையால் ஒரு அழுத்தம். காய்ச்சல் பார்ப்பதற்கு வாலைத் தூக்கி ஒரு நொடி பிடிப்பது மட்டும் போதும், தெர்மாமீட்டரை ஒத்திகைக்காக உள்ளே வைக்க வேண்டாம். (நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நம்மை வைத்து ஒப்பிட்டுப் பதற வேண்டாம்.) கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் வாய்க்கூடையும் வீட்டிலேயே பழக்குங்கள். கூடை வடிவில், உள்ளே வாயைத் திறந்து மூச்சிரைக்க இடம் இருப்பதாக வாங்க வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஆபத்து. கூடைக்குள் தயிர் தடவி, நாயே மூக்கை நுழைக்கும்வரை காத்திருங்கள். பட்டையை மாட்டுவது ஒரு வாரம் கழித்து.

குட்டி நாய் என்றால் மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரைதான் புதியதை எளிதாக ஏற்கும் காலம். பார்வோ என்ற வைரஸ் நோய்க்குப் பயந்து எல்லாத் தடுப்பூசியும் முடியும்வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் அந்தக் காலம் கழிந்துவிடும். தரையில் விடாமல் மடியிலும் தோளிலும் வைத்துக் கிளினிக் வாசல்வரை தூக்கிப்போய் வரலாம்.

கிளினிக் நாளில் பயம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். சில்க் போர்டு நெரிசலில் ஆட்டோவில் ஒரு மணி நேரம், பிறகு குயின்ஸ் ரோடு அரசு மருத்துவமனையிலோ ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியிலோ குரைக்கும் நாய்களுக்கு நடுவே காத்திருப்பு. உள்ளே போகும்போதே பொறுமை தீர்ந்திருக்கும். கூட்டம் குறைந்த நேரத்தைக் கேட்டுப் போங்கள். ஒருவர் டோக்கனோடு உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் நாயோடு வெளியே மர நிழலில் நிற்கட்டும். ஊசி இல்லாத நாள்களில் எடைக் கருவியில் ஏற்றி, நாலு துண்டு சிக்கன் கொடுத்துத் திரும்பி வரலாமா என்று கேளுங்கள், பல கிளினிக்குகள் சம்மதிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் நடுங்கும் நாய்களுக்குப் பயத்தைக் குறைக்கும் மருந்து இருக்கிறது. கேபபென்டின், ட்ரசோடோன் போன்றவற்றை டாக்டர் எழுதித் தருவார். வழக்கமாகப் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டியிருக்கும், முன்னதாக வீட்டில் ஒரு நாள் கொடுத்துப் பார்ப்பது நல்லது. பக்கத்து வீட்டு நாயின் சீட்டை வைத்து வாங்கிக் கொடுப்பதும், மனிதர்களின் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் உயிருக்கே உலை வைக்கும்.

ஒரு மோசமான நாள் எப்படியும் வரும்: காயத்துக்குத் தையல், அவசர சலைன், பிடித்து அமுக்காமல் வேறு வழியில்லாத நேரம். அன்றைக்கு ‘கால்’, ‘காது’ என்ற பயிற்சிச் சொற்களையும் தாடைத் துண்டையும் வெளியே எடுக்காதீர்கள். விரிப்பும் வேறாக இருக்கட்டும். காயம் ஆறிய பிறகு பழைய விரிப்பைப் போட்டு, நகவெட்டி தரையில் கிடக்கும் முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கலாம். இந்த முறை படிகள் வேகமாக ஏறும்.